உறவு ரூபாய்

கூமாப்பட்டியில் ஒருவரைப் பார்த்து, "இவர் யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைக்காத மனுஷன்" என்று சொல்லிவிடக் கூடாது. மற்ற ஊர்களில் அது பாராட்டு. இங்கே அது வசவு. நாலு பேரோடு ஒட்டாதவன், நல்லது கெட்டதுக்கு ஆள் இல்லாதவன் என்று பொருள்.

கணக்குத் தீர்க்கும்போது கடைசி ஒரு ரூபாயை மட்டும் விட்டுவைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். கொடுக்கிறவர் மறந்துபோய் நீட்டினாலும் வாங்குகிறவர் திருப்பித் தள்ளிவிடுவார். "இருக்கட்டுமுல்ல, உறவு அத்துப் போயிரப்படாது" என்பார். அந்த ரூபாயை யாரும் திரும்பக் கேட்பதில்லை. கேட்டால், இனி என் வாசலை மிதிக்காதே என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம். பாகப்பிரிவினையில் வெட்டரிவாள் எடுத்த அண்ணன் தம்பிகள்கூட அந்த ஒரு ரூபாய் விஷயத்தில் வாயைத் திறக்க யோசிப்பார்கள்.

வைகுண்டராஜ் அந்த ஊர்க்காரர். மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் நெல் வயல், வீட்டில் மனைவி செல்லக்கனி, கொட்டிலில் ஒரு மாடு, வாசலில் ஒரு பழைய டிவிஎஸ் வண்டி. இவ்வளவுதான் அவருடைய ராஜ்யம். செல்லக்கனியின் தம்பி பாண்டி பக்கத்துத் தெருவில் ஆடு வளர்க்கிறவன். தாய் தகப்பன் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அவன்தான். தைப்பொங்கல் என்றால் விடியுமுன் அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலை எல்லாம் தலையில் சுமந்து அக்காவுக்குப் பொங்கல்படி கொண்டுவந்து இறக்கிவிடுவான். ஒரு வருஷம் நோய் வந்து ஆடுகளில் பாதி செத்துப்போயின. அந்த வருஷமும் கரும்பு வந்தது. அவனுக்கும் வைகுண்டராஜுக்கும் நடுவில் எத்தனை ஒற்றை ரூபாய் நிற்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஞானதுரை அண்ணாச்சி என்று ஒருவர் உரக்கடை வைத்திருந்தார். வைகுண்டராஜ் அவரிடம்தான் உரமும் பூச்சிமருந்தும் கடனுக்கு வாங்கி, அறுப்பு முடிந்ததும் கொடுப்பார். கடைசியாகக் கணக்குத் தீர்த்த அன்றும் அண்ணாச்சி ஒரு ரூபாயைத் தள்ளிவிட்டு, ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அந்த மாசமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவர் மகன் ஜோயலுக்குக் கடையை நடத்தத் தெம்பு இல்லை. பசும்பொழில் வேளாண் இடுபொருள் நிறுவனம் என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டான். கம்பெனி கடையை வாங்கியது, சரக்கை வாங்கியது, விவசாயிகளின் பாக்கிகளையும் சேர்த்து வாங்கியது. ஜோயல் அப்பா உட்கார்ந்த இடத்திலேயே, கழுத்தில் அட்டை தொங்க, 'விவசாயி உறவு அலுவலர்' ஆனான்.

அதற்குப் பிறகு நாலைந்து வருஷம் வைகுண்டராஜ் வத்திராயிருப்பில் ரொக்கத்துக்கு உரம் வாங்கிக் காலத்தை ஓட்டினார். இந்த வருஷம் கம்பெனி அந்த வட்டாரத்து உரக்கடைகளையெல்லாம் ஒரே செயலிக்குள் இழுத்துப் போட்டது. கார்த்திகை பிறந்து, நெல் தூர் கட்டுகிற நேரம். இரண்டாவது மேலுரம் போட்டாக வேண்டும். வத்திராயிருப்புக் கடையில் போய், உரம் வாங்கக் கைரேகைக்கு விரலை வைத்தார். இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஒங்க பேரு செவப்புல கெடக்கு அண்ணாச்சி. காசு குடுத்தாலும் நான் யூரியா போட முடியாது. எனக்கே பூட்டு விழுந்துரும்" என்றார் கடைக்காரர். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல போய்க் கேளுங்க."

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜோயல் கணினியைத் தட்டினான்.

"நிலுவை காட்டுது அண்ணாச்சி."

"எனக்கா? எம்புட்டு?"

"பதினெட்டாயிரத்து அறுநூத்தி நாப்பது."

வைகுண்டராஜ் பெஞ்சில் உட்கார்ந்தார். "தம்பி, ஒங்கப்பாட்ட நான் கணக்கு முடிச்சுட்டேனே. நீயே பக்கத்துல நின்னு பாத்தியே."

"முடிச்சீக. ஒரு ரூவா விட்டீக."

"அது உறவுக்கு விட்டதுல்லா?"

"சிஸ்டத்துல உறவுன்னு ஒரு கட்டம் இல்ல அண்ணாச்சி. அசல் ரூபாய் ஒண்ணுன்னு ஏத்திட்டாங்க."

ஒரு ரூபாய் எப்படிப் பதினெட்டாயிரம் ஆகும் என்று கேட்பவர்களுக்கு விவசாயமும் தெரியாது, வட்டியும் தெரியாது. ஒரு ரூபாய்க்கு வட்டி மாசம் இரண்டு பைசாதான். கம்பெனி அநியாயம் செய்யவில்லை. ஆனால் இரண்டு பைசாவை எழுதக் கம்பெனிக்குச் செலவாகிறது. ஆகவே குறைந்தபட்ச வட்டி மாசம் ஐம்பது ரூபாய். வட்டி கட்டாததற்கு அபராத வட்டி. அபராதத்தை நினைவூட்டக் குறுஞ்செய்தி. குறுஞ்செய்திக்குக் கட்டணம், கட்டணத்துக்கு வரி. எல்லாம் சட்டப்படி அடுக்கடுக்காக ஏறியிருந்தது.

"எனக்கு ஒரு மெசேஜும் வரலியே?"

ஜோயல் தலையைச் சொறிந்தான். "ஒங்க கணக்குல அப்பா கடை நம்பரையே போட்டு வச்சிருந்தாக. மாசாமாசம் எங்க மேசைக்குள்ள ஒரு போனு டிங்குன்னு சத்தம் போடும். சார்ஜ் எறங்கிருச்சுன்னு நெனச்சு நாங்க சார்ஜ் போட்டு வச்சிருவோம்."

வைகுண்டராஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து நீட்டினார். அதை வாங்க முடியாது என்றான் ஜோயல். எந்தப் பணம் வந்தாலும் முதலில் வரிக்குப் போகும், பிறகு கட்டணத்துக்கு, பிறகு அபராதத்துக்கு, பிறகு வட்டிக்கு. அசல் கடைசிப் பந்தி. சரி என்று கையிலிருந்த ஐந்நூறு ரூபாயைக் கொடுத்தார். ஜோயல் ரசீது போட்டான். ரசீதில் நிலுவை பதினெட்டாயிரத்து எழுநூற்று முப்பது என்று இருந்தது.

"கொடுத்த பொறவு கூடிருக்கே?"

"பகுதியாச் செலுத்துனா ஐந்நூத்தித் தொண்ணூறு கட்டணம் அண்ணாச்சி. நான் சொல்றதுக்குள்ள நீங்க குடுத்துட்டீக."

ஊரில் செய்தி பரவியது. பக்கத்து வயல்காரர் அரை மூட்டை யூரியா தருவதாகச் சொல்லியிருந்தார். மறுநாள் அவர் வரப்பை மாற்றி நடந்தார். சிவப்புக்காரனுக்கு உரம் கொடுத்தால் கொடுத்தவன் பெயரும் சிவப்பாகும் என்று கம்பெனி அறிவித்திருந்தது. அதற்குத் 'தொடர்பு நிலுவை' என்று பெயர். பாண்டி மட்டும் வீறாப்பாகப் போய் அத்தானுக்காக விரலை வைத்தான். அவனுக்கு நிலமே இல்லை. இருந்தாலும் நியாயம் எல்லோருக்கும் ஒன்றுதானே, அவனுக்கும் சிவப்பு எரிந்தது.

"ஏலே, நீ ஏம்லே போன?" என்று வைகுண்டராஜ் கேட்டார்.

"இருக்கட்டும் அத்தான். ஆடு என்ன யூரியாவா கேக்கப்போகுது?"

செல்லக்கனி சாணியையும் கோமியத்தையும் கரைத்து வாய்க்காலில் விட்டாள். ஒரு மாடு இரண்டு ஏக்கருக்கு எத்தனை தரம்தான் போடும்? பயிர் நுனியிலிருந்து மஞ்சளாக ஆரம்பித்தது.

ராஜபாளையத்தில் இருக்கிற கம்பெனியின் வட்டார அலுவலகத்தில் முறையிடலாம் என்று சொன்னார்கள். வாசலில் ஒரு பலகை: 'விவசாயி இந்நாட்டின் முதுகெலும்பு. செருப்பை வெளியே விடவும்.' முறையீடு செய்பவர்கள் முதலில் 'கடனும் கண்ணியமும்' என்ற வகுப்பில் உட்கார வேண்டும், அதற்கு முந்நூற்றுச் சொச்சம் கட்டணம். ஒரு சின்னப் பெண் படம் போட்டுக் காட்டி, கடன் வாங்காமல் வாழ்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள். கடனுக்கு விற்கிற கம்பெனியே இதைச் சொல்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. சேத்தூர்க்காரர் ஒருவர் நன்றாகத் தூங்கிவிட்டார். தூங்குவதற்குக் கட்டணம் இல்லை என்று பிற்பாடு தெரிந்ததும் மற்றவர்களுக்கு வயிற்றெரிச்சல்.

நிலுவை மேம்பாட்டுத் துறைத் தலைவர் அழகியமணவாளன் குளிரூட்டிய அறையில் இருந்தார். நல்ல மனுஷர். எழுந்து நின்று கும்பிட்டு உட்காரச் சொன்னார். வைகுண்டராஜ் பயிர் மஞ்சளாகிறது என்றார்.

"ஐயா, உங்க வேதனை எனக்குப் புரியுது" என்றார் அழகியமணவாளன். "நானும் பயிர் வளக்கிறவன்தான். மழை தப்பும், விலை தப்பும், விதை பொய்க்கும். இந்த மண்ணுல ஒரு வருஷம்கூடப் பொய்க்காம வளர்றது வட்டி ஒண்ணுதான். அதுக்குத் தண்ணி வேண்டாம், உரம் வேண்டாம், களை எடுக்க ஆள் வேண்டாம். நீங்க சும்மா இருந்தாலே போதும், வளரும். உங்க கணக்கைப் பாத்தேன். ஒரே ஒரு ரூபாய் விதை! இவ்வளவு விளைச்சல் எங்க மாநிலத்துலயே இல்ல. நீங்க எங்களுக்கு முன்னோடி விவசாயி."

"நான் அதை வெதைக்கல சார். உறவுக்குன்னு விட்டது."

அவர் விவரம் கேட்டார். வைகுண்டராஜ் ஊர் வழக்கத்தைச் சொன்னார். ஞானதுரை அண்ணாச்சி ரூபாயைத் தள்ளிவிட்டதையும், கலர் வாங்கிக் கொடுத்ததையும் சொன்னார். அழகியமணவாளன் கண்ணாடியைக் கழற்றி உண்மையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அருமையான பண்பாடு. இதைக் குறிச்சுக்கிறேன். உங்களுக்குக் கண்டிப்பாச் சலுகை பாக்கலாம். பயிர் நெலமையைப் பாக்கக் களஆய்வுக்கு ஆள் அனுப்புறேன்." கேட்காமலே களஆய்வுக்கும் ஆயிரத்துச் சொச்சம் கணக்கில் ஏறியது.

களஆய்வுக்கு ஜோயல்தான் வந்தான். உரக்கடைக்காரர் மகன், பத்து வயசிலேயே இலையைப் பார்த்து என்ன குறை என்று சொன்னவன். வயலைப் பார்த்ததும் அவன் முகம் விழுந்துவிட்டது. செல்பேசியை எடுத்தான். செயலியில் பயிரின் நிறம் என்று ஒரு கேள்வி. பச்சை அல்லது மஞ்சள். மூன்றாவது எதுவும் இல்லை.

"மஞ்சத்தான் அண்ணாச்சி" என்று முனகிக்கொண்டே அமுக்கினான்.

செல்பேசி உடனே பதில் சொன்னது. 'வாழ்த்துகள்! பயிர் முற்றிவிட்டது. அறுவடைக்குத் தயார். விவசாயியிடம் செலுத்தும் திறன் உள்ளது. சலுகை தேவையில்லை.'

"தம்பி, உரம் இல்லாமப் பழுத்ததுல்லா இது!"

"எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியலயே."

"பச்சைன்னு அமுக்குனா?"

"பச்சைன்னா பயிரு நல்லா இருக்கு, உரம் தேவையில்லன்னு வரும்."

ஜோயல் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

வைகுண்டராஜ் வண்டியை விற்றார். பத்தொன்பதாயிரத்துக்குப் போனது. மிச்சத்தைச் செல்லக்கனி சீட்டுப் பணத்திலிருந்து எடுத்தாள். "தொலையட்டும், பயிரு பொழைச்சாப் போதும்" என்றாள். அவர் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பியூலா என்ற பெண்ணிடம் முழுப் பணத்தையும் வைத்தார். அவள் எண்ணினாள், தட்டினாள், சீல் போட்டாள். பிறகு ஒற்றை ரூபாய் நாணயத்தைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த ஓட்டை வழியாகத் திருப்பித் தள்ளினாள்.

"இதை எடுத்துக்கிடுங்க. சிஸ்டம் வாங்க மாட்டேங்குது."

"ஏம்மா?"

"புதுத் திட்டம். 'உறவு ரூபாய்'. விவசாயி கணக்கை முழுசா முடிக்கப்படாது. ஒரு ரூவா எப்பவும் நிக்கணும். உறவு அத்துப் போயிரக் கூடாதுல்ல? நீங்க சொல்லித்தான் தலைவர் கொண்டு வந்தாராமே."

"அதுக்கு வட்டி உண்டா?"

"சேச்சே, உறவுக்கு யாராச்சும் வட்டி வாங்குவாகளா? உறவு பராமரிப்புக் கட்டணம் மட்டும். மாசம் பத்து ரூபா."

"எம்மா, நீ முழுசா வாங்கிக்க. எனக்கு இந்த உறவு வேண்டாம்."

பியூலா கணினியைப் பார்த்தாள். "அதுக்கு உறவு முறிப்புக் கட்டணம் இருக்கு அண்ணாச்சி. மூவாயிரம். வரி தனி."

வைகுண்டராஜ் நாணயத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது உடம்பு முழுக்க.

"இப்ப உரம் தருவியா?"

"விளக்கு இன்னும் பச்சையாகல. திட்டத் தொடக்க விழாவுல தலைவரே பொத்தானை அமுக்கி ஒங்க பேரைப் பச்சையாக்கப் போறாரு. ஒங்களுக்குத்தான் மொத மரியாதை. செத்தப் பொறுங்க."

பொறுத்தார். மார்கழி பாதி போயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா நடந்தது. மேடையில் வைகுண்டராஜுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், கையில் அரைக் கிலோ பால்கோவா கொடுத்தார்கள். இரண்டும் அவர் கணக்கில் பற்று எழுதப்பட்டன என்பது உரம் வாங்கும்போது தெரிந்தது, அதையும் சேர்த்தே கட்டினார்.

அழகியமணவாளன் பேசினார்: "சில பேர் சொல்றாங்க, நாங்க வட்டிக்காக விவசாயியைத் தேடிப் போறோம்னு. தப்பு. உறவுக்காகப் போறோம். கடன் தீர்ந்துட்டா விவசாயி எங்களை மறந்துடுவான். நாங்க அவனை மறக்க மாட்டோம். அவன் வயல் காஞ்சாலும், அவன் வயல வித்தாலும், அவனே இல்லாமப் போனாலும், அவன் பேர்ல ஒரு ரூபாய் எங்ககிட்ட நிக்கும். சொந்தப் பிள்ளைங்ககூட இப்படி ஞாபகம் வச்சிருப்பாங்களா?"

மண்டபம் கைதட்டியது. அவர் பொத்தானை அமுக்கினார். திரையில் வைகுண்டராஜின் பெயர் பச்சையில் வந்தது. பாண்டியின் பெயர் திரையில் வரவில்லை, அவன் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒலிபெருக்கியை வைகுண்டராஜிடம் நீட்டி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"உரம் எங்க வந்து வாங்கணும்?" என்றார் அவர்.

அதற்கும் கைதட்டினார்கள்.

யூரியா மூட்டை பஸ்ஸில் ஏறி ஊருக்கு வந்தது. வந்தபோது பயிர் முழங்கால் உயரத்திலேயே கதிர் தள்ளி நின்றது. செல்லக்கனி ஒரு கதிரைப் பறித்து, நெல்லை நகத்தால் அமுக்கிப் பார்த்தாள். இன்னொன்றை அமுக்கினாள். வரப்போரமாக நடந்து போய் நடுவயலில் ஒன்று பறித்தாள்.

"பால் ஏறலங்க. எல்லாம் சாவி, வெறும் பதரு" என்றாள்.

அவர் மூட்டையை வீட்டுக்குள் வைத்தார். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பால்கோவாவைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் சாப்பிட்டார்கள்.

மார்கழி கடைசியில் பாண்டி வந்து, வயலை ஆடு மேய்ச்சலுக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்டான். அறுக்கக் கூலி கொடுத்தால் அதுவும் நஷ்டம். இரண்டாயிரம் என்று பேசி முடித்தார்கள். உண்மையில் அந்தக் காய்ந்த தாளுக்கு ஆயிரமே அதிகம். பாண்டி அக்காவுக்காகத்தான் கேட்டான், அது மூவருக்கும் தெரியும்.

ஆடுகள் வயலில் இறங்கின. வரப்பில் நின்று பாண்டி பணத்தை எண்ணிக் கொடுத்தான். கசங்கிய நோட்டுகளும் சில்லறையுமாக இருந்தது. கடைசி நாணயத்தை வழக்கம்போல மடியில் செருகிக்கொண்டு சிரித்தான்.

"ஒரு ரூவா நிக்கட்டும் அத்தான்."

வைகுண்டராஜ் அவன் மடியைப் பார்த்தார். எங்கேயோ ஒரு மேசைக்குள் டிங் என்று சத்தம் கேட்டது போல இருந்தது. இந்த ஒரு ரூபாய் என்னவாகும், எங்கே போய் யார் கையில் சேரும், எவ்வளவு ஆகும், பாண்டி எதை விற்பான் என்றெல்லாம் ஓடியது. அவனிடம் விற்பதற்கு ஆடுகள் மட்டும்தான் உண்டு.

"குடுத்துரு மாப்ள" என்றார்.

"என்னத்த?"

"அந்த ரூவாய. முழுசாக் குடுத்துரு. பாக்கி வேண்டாம்."

பாண்டி சிரித்த வாய் அப்படியே நின்றது. அக்காவைத் திரும்பிப் பார்த்தான். செல்லக்கனி கையில் இருந்த தண்ணீர்ச் செம்போடு வாய்க்கால் கரையில் அசையாமல் நின்றாள்.

"நான் என்ன தப்பு பண்ணுனேன் அத்தான்?"

"தப்பு ஒண்ணும் இல்லலே. ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன். குடுத்துரு."

பாண்டி மடியை அவிழ்த்தான். நாணயத்தை அவர் கையில் கொடுக்கவில்லை. வரப்பில் வைத்தான். ஆடுகளை ஓட்டிக்கொண்டு வயலை விட்டு ஏறினான். பாதிகூட மேயாத ஆடுகள் திரும்பித் திரும்பிப் பார்த்தன, அவன் திரும்பவில்லை.

"என்னங்க சொல்லிட்டீக?" என்றாள் செல்லக்கனி. "அவன்ட்ட போயி இதச் சொல்லிட்டீகளே!"

கம்பெனியைப் பற்றியும், அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றியும், பாண்டியைக் காப்பாற்றத்தான் சொன்னதையும் அவர் விளக்கிச் சொன்னார். அவள் கேட்டாள். அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் சொன்ன சொல்லை என்ன செய்ய? மறுநாள் அவர் பாண்டி வீட்டுக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள் இருந்தது.

தைப்பொங்கல் அன்று விடியுமுன் செல்லக்கனி வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். அடுப்புக் கட்டிக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தாள். பானைக்கு மஞ்சள்குலை கட்ட வேண்டும். கடையில் வாங்கி வரட்டுமா என்று வைகுண்டராஜ் கேட்டார். வேண்டாம், செத்த நேரம் பார்ப்போம் என்றாள். தெருமுனையைப் பார்த்தபடி கோலத்துக்கு இன்னொரு வரிசை புள்ளி வைத்தாள். பக்கத்து வீடுகளில் பானை பொங்கிக் குலவைச் சத்தம் கேட்டது.

வெயில் ஏறிய பிறகு அவர் செல்பேசியில் டிங் என்று ஒரு சத்தம். இப்போது சரியான நம்பரைப் பதிந்துவிட்டார்கள். செல்லக்கனி கோலப்பொடிக் கையோடு உள்ளே ஓடி வந்தாள்.

"பாண்டியாங்க?"

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். அன்பு உறவே, பொங்கல் வாழ்த்துகள், தங்கள் நிலுவை ரூபாய் ஒன்று என்று இருந்தது.

"இல்லட்டி" என்றார். "கம்பெனி."